தன் கணக்கை எழுதாத முதல்வர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதவி போன அரசியல்வாதிகள் எழுதும் புத்தகங்கள் எல்லாம் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் வக்காலத்துதான் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு விதிவிலக்கைச் சொல்லலாமா? முப்பத்தோரு ஆண்டு வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். இப்போது அடிலெய்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். நான் சொல்லும் மனிதரைக் கவிழ்த்ததும் ஒரு வங்கிதான்.

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தொழிற்கட்சி முதல்வராக 1982 நவம்பரில் பதவியேற்றவர் ஜான் பேனன். கருவூலப் பொறுப்பும் அவரிடமே. கார்ப் பந்தயம், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் வேலை என்று அவர் ஆட்சியில் ஊர் களைகட்டியது. மாநில அரசின் ஸ்டேட் பாங்க் மட்டும் கடனை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. 1991 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை, அதைத் தாங்கிப் பிடிக்க 97 கோடி டாலர் தருவதாக அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. தோண்டத் தோண்டப் பள்ளம் 300 கோடியைத் தாண்டியது. அரசு உத்தரவாதம் இருந்ததால் பணம் போட்டவர்கள் தப்பினார்கள். சுமை வரி கட்டுபவர்கள் தலையில் விழுந்தது. அந்த வங்கியின் 31 மாடிக் கட்டடம் கிங் வில்லியம் தெருவில் வேறு பெயரில் இன்னும் நிற்கிறது. 1992 செப்டம்பரில் பேனன் விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பழைய காகிதங்களுக்குள் புகுந்துகொண்டார். ஆஸ்திரேலியக் காலனிகளை ஒரே நாடாக்கும் முயற்சி 1890-களில் படுத்துக் கிடந்தபோது, அதை மறுபடி எழுப்பியதில் தெற்கு ஆஸ்திரேலியா என்ற இந்தச் சின்னக் காலனிக்கு என்ன பங்கு என்று 1994-இல் ஒரு நூல் எழுதினார். மாநிலத்தை ஆண்டவர், அந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றிலேயே பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 2009-இல் அவர் எழுதிய சர் ஜான் டவுனரின் அரசியல் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது.

டவுனர் யார்? இரண்டு முறை இந்தக் காலனியின் முதல்வர். பழமைவாதி. அவருடைய பேரன் அலெக்சாண்டர் டவுனர், பேனனின் எதிர்முகாமைச் சேர்ந்த லிபரல் கட்சிக்காரர். பதினோரு ஆண்டுகள் நாட்டின் வெளியுறவு அமைச்சர். எதிர்க்கட்சிக்காரரின் தாத்தாவைப் பற்றி நம் ஊர் முன்னாள் முதல்வர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவதை நினைத்துப் பாருங்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மாலை நடைக்கு வடக்கு அடிலெய்டில் பென்னிங்டன் டெரஸ் வழியாகப் போவேன். அங்கே உள்ள செயின்ட் மார்க்ஸ் கல்லூரி விடுதிக்குள் டவுனர் குடியிருந்த வீடு இருக்கிறது. 1897-இல், ஒன்றுபடப்போகும் ஆஸ்திரேலியாவுக்கான அரசியல் சட்ட வரைவுக் குழுவில் எட்மண்ட் பார்ட்டன், ரிச்சர்ட் ஓகானர், டவுனர் என மூன்றே பேர். வரைவு வேலையில் கணிசமான பகுதி அந்த வீட்டில் நடந்தது. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் சம இடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் டவுனர். இன்றும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 12 பேர்தான். 2000 முதல் 2007 வரை அந்த விடுதிக்குத் தலைவராக இருந்தவர் யார் என்கிறீர்கள்? பேனனேதான்!

2015 டிசம்பரில் அவர் காலமானார். வங்கிக் கதையைத் தன் பக்கத்திலிருந்து சொல்லும் புத்தகம் எதையும் அவர் வெளியிடவில்லை. கண்ணியம் என்கிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வங்கிச் சரிவை ஆராய்ந்த விசாரணை ஆணையம் எழுதியது ஆணையத்தின் கணக்கு. அறிக்கைகள் மேசைக்கு வந்தபோது கருவூலத்தை வைத்திருந்தவர் எதைப் படித்தார், எதை நம்பினார் என்பதை, ஆவணத்தை எடைபோடத் தெரிந்த அவரே எழுதியிருக்கலாம்.

“எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா, மாமா?” என்று மருமகன் கேட்டார். நம்பியிருக்க மாட்டேன். வரிக்கு வரி டிக் போட்டுச் சரிபார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
அடிலெய்டு.