வெளியூரிலிருந்து வாடகை வீடு: முதலில் ஆள், அப்புறம் வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பலர் வீட்டுமனை விளம்பரங்களைப் பார்த்து, கோவை சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். விளம்பரத்தில் விலை இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, விமான நிலையம் எத்தனை நிமிடம் என்பதும் இருக்கிறது. கையில் என்ன நிற்கும் என்பது மட்டும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மறுவிற்பனை ஃபிளாட் விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 4.5 லட்சம். பெயின்ட், ஃபேன், கீசர், அலமாரி வேலை என்று 1.5 லட்சம். ஆக 56 லட்சம் முடங்குகிறது. வாடகை மாதம் 15,000. ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வரவு 1,65,000. காலி மாதத்துப் பராமரிப்புத் தொகை 2,500, சொத்து வரி 5,000, சில்லறைப் பழுது 12,000, பார்த்துக்கொள்கிறவருக்கு 12,000. இரண்டு ஆண்டுக்கொரு முறை குடித்தனக்காரர் மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வெள்ளையடிக்க 30,000. இவற்றை ஆண்டுக்குப் பிரித்தால் 22,500. செலவு மொத்தம் 54,000. மிச்சம் 1,11,000, அதாவது போட்ட பணத்துக்கு 2 சதவீதம். இதில் 35 லட்சம் வங்கிக் கடன், வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை மாதம் 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். கைக்காசு மாதம் 21,000 போட வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறோம் என்பதைத் தெரிந்தே வாங்குவது வேறு, வாடகையே கடனைக் கட்டிவிடும் என்று நம்பி இறங்குவது வேறு.

அடுத்தது ஆள். வெளியூர்க்காரர்கள் வீட்டை முடிவு செய்துவிட்டு, சாவியை யாரிடம் கொடுப்பது என்று பிறகு தேடுகிறார்கள். இது தலைகீழ். உறவினரோ, நிர்வாக நிறுவனமோ, குழாய் உடைந்தால் அரை மணி நேரத்தில் போய் நிற்கக்கூடியவர் எந்தப் பகுதியில் கிடைக்கிறாரோ அந்தப் பகுதியில்தான் வீடு பார்க்க வேண்டும்.

ஆனால் அவரிடம் எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. இப்படிப் பொறுப்பேற்ற சிலர் உரிமையாளரிடம் மாத வாடகை 15,000 என்று சொல்லிவிட்டு, அதே வீட்டை 'லீஸ்' என்ற பேரில் ஒரு குடும்பத்துக்கு 8 லட்சம், 10 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். உரிமையாளர் கணக்குக்குச் சில மாதம் வாடகை ஒழுங்காக வரும். ஒருநாள் நின்றுவிடும், இடையில் இருந்தவரின் செல்பேசியும் அணைந்துவிடும். உள்ளே இருக்கும் குடும்பம் பணம் கொடுத்தது உண்மை, உரிமையாளர் வாங்காததும் உண்மை. இருவரும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியதுதான். தடுக்க வழி எளிது. வாடகையும் முன்பணமும் உரிமையாளர் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். பார்த்துக்கொள்கிறவருக்கு எழுதித் தரும் பவர் பத்திரத்தில் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) விற்க, அடமானம் வைக்க, பணம் பெற உரிமை தரக்கூடாது. வீட்டைக் காட்ட, பழுது பார்க்க, ஒப்பந்தத்தைப் பதிய என்று வேலையைப் பெயர் சொல்லி எழுதினால் போதும். சாவி கொடுக்கும் முன் குடிவருகிறவரிடம் ஒரு முறை வீடியோவில் பேசி, என்ன தொகைக்கு ஒப்புக்கொண்டார் என்று அவர் வாயால் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகச் சான்றொப்பம் போன்ற முறையான சான்றொப்பம் வேண்டும். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும்.

11 மாத ஒப்பந்தம் போட்டால் எங்கும் பதிய வேண்டாம் என்பது பழைய பேச்சு. 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கென அரசு அமைத்த வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண்ணும் பெற வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய முன்பணம் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது. உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

பத்திரம் பார்ப்பதை வழக்கறிஞரிடம் விடுங்கள், இரண்டை மட்டும் நீங்களே கேளுங்கள். ஒன்று, மூலப் பத்திரத்தின் அசல் கண்ணுக்கு வந்ததா? எங்கும் பதியாமல் பத்திரத்தை வெறுமனே கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால், பதிவானவற்றை மட்டும் காட்டும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றிலும் அது தெரியாமல் போகலாம். இரண்டு, விற்பவர் எங்கே வசிக்கிறார்? இந்தியாவில் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் அவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீத வரியை நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, பிடிக்கும் விகிதமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால், வீட்டை வாங்கியவருக்குத்தான் நோட்டீஸ் வரும்.

வாடகையிலும் இதே சிக்கல் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் 30 சதவீத வரியும் அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் தீர்வையும், ஆக 31.2 சதவீதம் குடித்தனக்காரர் பிடிக்க வேண்டும். பல குடித்தனக்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் வேறு வீடு பார்க்கப் போய்விடுகிறார்கள். உரிமையாளர் வருமான வரித் துறையிடம் குறைந்த விகிதத்துக்குச் சான்று வாங்கி முதலிலேயே கொடுத்துவிட்டால் பேச்சு சுலபமாகும். வாடகை என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும்.

வீட்டுப் பராமரிப்பில் சின்ன விஷயங்கள்தான் செலவு வைக்கும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் வரும் குடியிருப்பில் கீசர் காயிலில் உப்புப் படிந்து சீக்கிரம் போய்விடும். ஆண்டுக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வீடு காலியாக இருந்தால் குளியலறைத் தரைத் துவாரத்தில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை வாடையும் கரப்பானும் ஏறிவரும். வீடு பார்க்க வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார். பதினைந்து நாளுக்கொரு முறை வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் மின் கட்டணத்தைக் குடித்தனக்காரர் கட்டினாலும் குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கு வரும்படி பதிந்து வையுங்கள். சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம், 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு.

சொத்து விளம்பரப் பக்கங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் விலையோடு, அங்கே இப்போது வாங்கப்படும் வாடகையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாடகை வீட்டு நிர்வாகத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்