சாவது வரை கடிதம் எழுதியவர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. கண்புரை அறுவையில் ஒரு மாதம் போயிற்று. மீதி மூன்றுக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமில்லை. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

படிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாட்களில் பழைய வானொலிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். விடுதி மொட்டை மாடியில் உன் சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகி பி.பி.சி. பிடிப்போமே, அந்த இரைச்சலுக்கு நடுவே 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' என்ற வாராந்திர வானொலிக் கடிதத்தை வாசித்த ஆலிஸ்டர் குக்கை நினைவிருக்கிறதா? நீ அவரை அமெரிக்கர் என்று சாதித்தாய், நான் ஆங்கிலேயர் என்றேன். இருவரும் வென்றோம். 1908-இல் மான்செஸ்டருக்குப் பக்கத்து சால்ஃபோர்டில் பிறந்தவர், 1941-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்.

அதற்கு முன்பே ஆள் பேச்சுக்காரர்தான். 1936-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தபோது லண்டனிலிருந்து அமெரிக்க வானொலிக்குப் பத்து நாளில் நான்கு லட்சம் சொற்கள் பேசியதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு கார்டியன் பத்திரிகை நிருபர், தொலைக்காட்சித் தொகுப்பாளர், நூலாசிரியர். அதெல்லாம் இருக்கட்டும், என்னைப் பிடித்து வைத்தது அந்தக் கடிதம்தான். 1946 மார்ச்சில் பதின்மூன்று வாரத்துக்கென்று தொடங்கியது 2004 பிப்ரவரி வரை ஓடியது. மொத்தம் 2,869 கடிதங்கள்!

எதை எழுதப்போகிறோம் என்று தெரியாமலே தட்டச்சுப் பொறி முன் உட்காருவாராம். இலையுதிர் காலத்து மரத்தில் தொடங்குவார், கோல்ஃப் பக்கம் திரும்புவார், எங்கேயோ சுற்றி வெள்ளை மாளிகை வாசலில் கொண்டுபோய் நம்மை நிறுத்துவார். நம் தமிழாசிரியர் இலக்கணப் பாடத்தை எருமை மாட்டில் தொடங்குவாரே, அதே வித்தை. 1968-இல் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட ஹோட்டலில் குக்கும் இருந்தார். அந்த வாரக் கடிதத்தில் அந்த லாகவமெல்லாம் காணோம். கண்ணால் கண்டதைச் சொல்லத் திணறும் ஒரு மனிதர்தான் தெரிகிறார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கடைசிக் காலத்துக் கடிதங்களில் பழைய நாட்களைப் பற்றிய ஏக்கம் கொஞ்சம் அதிகம். நம் வயதில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர்கள் வற்புறுத்தி நிறுத்தச் சொன்னார்கள். கடைசிக் கடிதம் வாசித்த அடுத்த மாதமே போய்விட்டார், 95 வயது. தகனத்துக்கு முன் அவர் எலும்புகளை ஒரு கும்பல் திருடி விற்றது மறு வருடம்தான் வெளியே வந்தது. உயிரோடு இருந்திருந்தால் அதையும் ஒரு வாரக் கடிதமாக்கியிருப்பார், முதல் பத்தியில் வானிலையோடு.

அந்த ரேடியோ இன்னும் உன்னிடம் இருக்கிறதா, பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டாயா? பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதையும் எழுது.

உன்,
ராமநாதன்