மாத்திரையை நிறுத்தவைக்கும் பிரசங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு இன்சுலினை நிறுத்திவிட்டார் என்றால் ஊர் அவரைத்தான் ஏசும். அவர் காதில் விழுந்த பிரசங்கத்தை யாரும் விசாரிப்பதில்லை. அதைச் செய்தவர் காசுக்காகப் பேசியவராக இருக்கவேண்டும் என்பதில்லை. உபவாசம் இருந்து, கண்ணீரோடு ஜெபித்து, வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே பேசியிருக்கலாம். அவர் சொன்ன வசனமும் வேதத்தில் உள்ளதுதான். அந்த ஒரு வசனத்தை மற்ற வசனங்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இருந்திருக்காது. அந்தப் பழக்கத்துக்கு முறைப்படுத்தப்பட்ட இறையியல் என்று பெயர். வேதாகமக் கல்லூரிகளில் சிஸ்டமாட்டிக் தியாலஜி என்பார்கள். பரீட்சை முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடுகிற பாடமாக அது இருக்கிறது. ஞாயிறு காலை பீடத்தில் ஏறுகிற எவருக்கும் சனி இரவில் கையில் இருக்கவேண்டிய பாடம் அதுதான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

தேவனைப் பற்றி ஒரு அத்தியாயம், பாவத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் என்று வேதம் பிரித்து எழுதப்படவில்லை. சரித்திரம், பாட்டு, தீர்க்கதரிசனம், நிருபம் என்று 66 புத்தகங்களில் எல்லாம் பரந்து கிடக்கின்றன. ஒரு பொருளைப் பற்றி அவை யாவும் சொல்வதைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, முன்னோர் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றும் பார்த்து, 'இன்றைக்கு இதை இப்படிச் சொல்லலாம், இப்படிச் சொல்லக்கூடாது' என்ற முடிவுக்கு வருவதே இந்தப் படிப்பு. வேதம், தேவன், சிருஷ்டி, மனிதன், பாவம், கிறிஸ்து, இரட்சிப்பு, பரிசுத்த ஆவி, சபை, கடைசிக் காரியங்கள் (கிறிஸ்துவின் வருகை, உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு) என்பவை அதன் வழக்கமான தலைப்புகள்.

இன்சுலின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்பது ஏசாயா 53:5. இதை எடுத்துப் பிரசங்கிப்பவர் முதலில் அந்த வசனத்தை முழுவதுமாக வாசிக்கவேண்டும். மீறுதல், அக்கிரமம், சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை என்று அது பாவத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வருகிறது. அடுத்து, புதிய ஏற்பாடு இந்தப் பகுதியை எங்கே கையாளுகிறது என்று தேடவேண்டும். 1 பேதுரு 2:24இல் கிடைக்கும். அங்கே பேதுரு பேசுவது எஜமான்களிடம் அடிபட்ட வேலைக்காரரிடம். குணமாவது என்றால் பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பது என்று அதே வசனத்தில் சொல்லிவிடுகிறார். இதோடு நின்றுவிட்டால், 'சரீர சுகத்துக்கும் சிலுவைக்கும் சம்பந்தமே இல்லை' என்ற எதிர்ப்பக்கத் தவறில் விழுவோம். ஏனெனில் மத்தேயு 8:17 இதே ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தை எடுத்து, இயேசு வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கியதோடு சேர்க்கிறது. ஆகையால் சரீரமும் சிலுவையின் மீட்புக்குள் வருகிறது. அது முழுமையாய்க் கையில் கிடைப்பது எப்போது என்பதுதான் கேள்வி. ரோமர் 8:23 பதில் சொல்கிறது: ஆவியின் முதற்பலன்களைப் பெற்றவர்களும் சரீர மீட்புக்குக் காத்திருந்து தவிக்கிறார்கள்.

இனி அப்போஸ்தலரின் நடைமுறையைப் பார்க்கலாம். பவுலின் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தான். இன்னொரு உடன் ஊழியனான துரோப்பீமுவையோ வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டும் அவருக்குக் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பது. இவர்களில் ஒருவரையும் விசுவாசக் குறைவு என்று வேதம் குற்றப்படுத்தவில்லை. யாக்கோபு 5:14 மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. அந்தக் கட்டளையும் நிற்கிறது. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித்தருவதாகத் தேவனே வாக்குக்கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் ஏசாயா. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

இவ்வளவையும் ஒன்றாக வைத்தால் பீடத்தில் சொல்லவேண்டியது தெளிவாகிவிடும். கர்த்தர் இன்றைக்கும் குணமாக்க வல்லவர், தைரியமாய்க் கேளுங்கள். சில வேளைகளில் இப்போதே கொடுக்கிறார், உயிர்த்தெழுதலில் நிச்சயமாகக் கொடுப்பார். இப்போது கிடைக்காவிட்டால் உங்கள் விசுவாசத்தை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மருந்தை விடாதீர்கள். இந்த நான்கையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதற்குமுன் கிறிஸ்து, இரட்சிப்பு, கடைசிக் காரியங்கள் ஆகிய மூன்று தலைப்புகளையும் ஒன்றாக எடுத்து வைத்திருக்கவேண்டும். மூன்றாவது தலைப்பு விடுபட்டால் பரலோகத்தில் வரவேண்டியதை இந்த வாரமே தரும்படி கேட்கும் பிரசங்கம் வரும். சுகமாகாதவர் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன்னில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். அவருக்காகத்தான் இந்தப் படிப்பு வேண்டும் என்கிறேன்.

படித்தால் அபிஷேகம் குறைந்துவிடும் என்ற பேச்சு நம் சபைகளில் உண்டு. "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்று 2 கொரிந்தியர் 3:6ஐ அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அடுத்த வசனத்தையே பாருங்கள். கற்களில் பதிந்திருந்த எழுத்து என்கிறது. மோசேயின் கற்பலகைகளைப் பற்றிய பேச்சு அது. புத்தகப் படிப்பைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. "என்ன பேசுவோமென்று கவலைப்படாதிருங்கள்" என்ற மத்தேயு 10:19உம் அப்படித்தான். அதிபதிகளுக்கு முன்பாக விசாரணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதலை, ஆயத்தம் செய்யாமல் பீடத்தில் ஏறுவதற்குச் சாக்காக்கக்கூடாது.

இன்னொன்று, அதிகம் கவனிக்கப்படாதது. ஆராதனை ஜெபங்களில், "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. வாய் தவறி வருவதுதான். ஆனால் வாரந்தோறும் கேட்கும் பிள்ளைகள் மனதில் பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று பதிந்துபோகும். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரக்சேயா என்பவன் இப்படிப் போதித்தபோது, அவன் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டான் என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கண்டித்தார். ஒரே தேவன்தான் பிதா, குமாரன், ஆவி என்று மூன்று விதமாய்த் தோன்றுகிறார் என்ற சபெல்லியுவின் போதனையும் இந்த வகையே. திரித்துவத்துக்குச் சொல்லும் உதாரணங்களில் இது ஒளிந்துகொண்டு வரும். ஒரே மனிதர் வீட்டில் அப்பா, ஆபீசில் அதிகாரி, தன் தாய்க்கு மகன் என்ற உதாரணம் அப்படியே சபெல்லியுவினுடையது. தண்ணீர், ஐஸ், நீராவியும் அதுவே. இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தானில் குமாரன் கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே வேளையில் இருக்கும் அந்தக் காட்சிக்கு முன் இந்த உதாரணங்கள் நிற்காது. சூரியன், வெளிச்சம், வெப்பம் என்று சொன்னால் தவறு மறுபக்கம் சாய்கிறது. வெளிச்சமும் வெப்பமும் சூரியனிலிருந்து வரும் விளைவுகளாகிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லியே ஆகவேண்டுமென்றால் யோர்தான் காட்சியையே சொல்லலாம். ஜெபத்தில் தடுமாறாமல் இருக்கவும் எளிய வழி உண்டு: பிதாவிடம், குமாரன் மூலமாய், ஆவியானவரின் துணையோடு என்ற ஒழுங்கைப் பழகிக்கொள்வது.

வீட்டு வாசலில் வந்து நின்று, "இயேசு சிருஷ்டிக்கப்பட்டவர் என்று உங்கள் வேதமே சொல்கிறதே" என்று கொலோசெயர் 1:15ஐக் காட்டுபவர்களுக்கு நம் விசுவாசிகள் திணறுகிறார்கள். "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்று அங்கே இருக்கிறது. பேறு என்றால் பிறப்புதானே என்று தோன்றும். சங்கீதம் 89:27ஐத் திருப்பினால் போதும். தாவீதை முதற்பேறானவனாக்குவேன் என்று கர்த்தர் சொல்கிறார்; தாவீதோ ஈசாயின் எட்டுக் குமாரரில் இளையவன். அதே வசனம், பூமியின் ராஜாக்களைவிட உயர்ந்தவன் என்று தொடர்ந்து, அந்தச் சொல் மூத்தவனுக்குரிய மேன்மையைக் குறிக்கிறது என்று காட்டிவிடுகிறது. கொலோசெயரின் அடுத்த வசனமும் சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்கிறது. கி.பி. 325இல் நிசேயாவில் சங்கமாய்க் கூடிய பேராயர்களுக்கு முன்னால் இருந்ததும் இதே கேள்விதான். 'குமாரன் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு' என்றார் ஆரியு என்ற அலெக்சாந்திரியா போதகர். அதற்கு மறுமொழியாகத்தான், நற்கருணை ஆராதனையில் நாம் மனப்பாடமாய்ச் சொல்லும் விசுவாசப்பிரமாணத்தில் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற சொல் வந்தது. சொல்லத் தெரிந்த நாம் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று கற்றுக்கொடுப்பதில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, தமிழ்ச் சபைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தரங்கம்பாடியை நினைக்கவேண்டும். 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த இரண்டே ஆண்டுகளில், 1717இல், கிறிஸ்தவ உபதேசங்களைத் தலைப்புவாரியாக வகுத்து வசன ஆதாரங்களோடு தமிழில் எழுதி அச்சிட்டார். பழைய ஏற்பாடு தமிழில் இன்னும் அச்சேறியிருக்கவில்லை. அதற்கு முன்பே உபதேச நூல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இங்குள்ள ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியையும் 1716இல் தொடங்கியிருந்தார். வேதத்தைக் கையில் கொடுப்பதோடு அதைச் சேர்த்து வாசிக்கவும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபையின் பிறப்போடு வந்த வழக்கம்.

இந்தப் படிப்பிலும் ஆபத்துகள் உண்டு. முன்கூட்டி ஒரு கட்டத்தை வரைந்துவைத்துக்கொண்டு வசனங்களை அதற்குள் திணிப்பது அவற்றில் பெரியது. மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்பப் புதுப்பிப்பது கூடாதது என்னும் எபிரெயர் 6:4-6ஐ எடுத்துக்கொண்டு, இரட்சிப்பை இழக்க முடியாது என்று நம்புகிறவர் அந்த எச்சரிப்பின் கூர்மையை மழுங்கடிக்கிறார். இழக்கலாம் என்பவர் அடுத்து வரும் 9ஆம் வசனத்தின் ஆறுதலை வாசிக்காமல் விடுகிறார். வசனம் தன் இடத்தில் என்ன சொல்கிறது என்பது முதலில். தலைப்புகளோடு பொருத்துவது பிறகு. பொருந்தவில்லை என்றால் தலைப்பின் கீழ் எழுதியதைத்தான் திருத்தவேண்டும். இன்னொரு தவறு, கல்லூரிக் குறிப்பேட்டை அப்படியே பீடத்தில் வாசிப்பது. வீட்டுக்குக் கடைக்கால் தேவை, ஆனால் விருந்தாளியைக் கூட்டிப்போய்க் கடைக்காலைக் காட்ட மாட்டோம்.

கல்லூரிக்குப் போகாத போதகரும் இதைத் தொடங்கலாம். ஒரு தடித்த நோட்டில் மேலே சொன்ன பத்துத் தலைப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பக்கம் விடவேண்டும். ஒவ்வொரு பிரசங்கம் முடிந்ததும் தேதி, வசனம், மையக்கருத்து ஆகியவற்றை ஒரே வரியில் உரிய தலைப்பின் கீழ் எழுதவேண்டும். இரண்டு தலைப்பில் வந்தால் இரண்டிலும் எழுதலாம். ஓராண்டு கழித்துப் புரட்டினால் எந்தப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது என்று தெரியும். ஆசீர்வாதத்தையே ஆண்டு முழுவதும் பேசியிருந்தால் பாவம் என்ற பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். "தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் நான் மறைத்துவைக்காமல்" அறிவித்தேன் என்று எபேசு மூப்பரிடம் பவுல் சொன்னதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. வெறுமையான தலைப்பை அடுத்த மூன்று மாதத்துக்கு எடுத்து, அதைப் பற்றிய வசனங்களை ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூல்) தேடி, வாரத்துக்கு ஐந்தாறு வீதம் அவற்றின் அதிகாரத்தோடு வாசித்துவந்தால் பிரசங்கத்துக்கான சரக்கும் தானே சேரும்.

துக்க வீட்டில்தான் இதன் அருமை தெரியும். கைக்குழந்தையைப் பறிகொடுத்த தாய், "என் பிள்ளை எங்கே இருக்கிறது ஐயா?" என்று கேட்கும்போது புத்தகம் தேட நேரமில்லை. தேவனுடைய இரக்கம், ஆதாமின் பாவம், கிறிஸ்துவின் மீட்பு ஆகியவற்றை முன்பே யோசித்து வைத்திருப்பவர் அளந்து பேசுவார். இல்லாதவர், "தேவனுக்குப் பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்" என்பார். அந்தத் தாய் ஆயுசுக்கும் அந்தத் தேவனிடம் ஜெபிக்க அஞ்சுவாள்.

சபைக் கமிட்டியாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாசக் கூட்டம், வீட்டு ஜெபங்கள், கல்யாணம், அடக்கம், கட்டட நிதி என்று போதகரை வாரம் முழுதும் ஓடவைத்துவிட்டு ஆழமான செய்தி வரவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது. வாரத்தில் ஒரு முற்பகலை, நான்கு மணி நேரம், படிப்புக்கென்று ஒதுக்கிக்கொடுங்கள். அந்த நேரத்தில் போன் அடிக்கவேண்டாம்.

அடுத்த புத்தாண்டுக்கு வாக்குத்தத்த அட்டை அச்சிடும் சபைகளில் சில, உங்களைக் குறித்த என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11ஐத் தேர்ந்தெடுக்கும். நல்ல வசனம். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறினபின்பு என்று சொல்லும் 10ஆம் வசனத்தையும் அதன் மேலே சேர்த்து அச்சிடுங்கள். அட்டையில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
இறையியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை