வளைந்த கோடு பற்றி, கயலுக்கு

அன்புள்ள கயல்,

அன்றைக்குப் போனில் உன் யிட்டர்பிய ஆய்வைப் பற்றிச் சொன்னபோது உன் குரலே சரியில்லை. "கோடு வளைஞ்சதுக்குக் காரணம் அணுக்கருதானாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் சத்தமே இல்லை. ராத்திரி தூங்குகிறாயா? அண்ணனோடு மட்டும் பேசுகிறாயாம். சரி, போகட்டும்.

நீ சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. யிட்டர்பியம் என்ற உலோகத்தில் நிறை எண் 168 முதல் 176 வரை நிலையான இரட்டைப்படை ஐசோடோப்புகள் ஐந்து. நியூட்ரான் எண்ணிக்கை மாற மாற, அணு உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண்ணும் துளித் துளியாக நகரும். அந்த நகர்வை இரண்டு நிறங்களில் அளந்து, நிறை வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, கிங் வரைபடத்தில் புள்ளி வைத்தால் நேர்க்கோடு வர வேண்டும். எலக்ட்ரானுக்கும் நியூட்ரானுக்கும் இடையே இதுவரை யாரும் அறியாத புலம் ஒன்று இருந்தால் கோடு வளையும்; நீ தேடியது அதைத்தான். கருவின் வடிவம் ஐசோடோப்புக்கு ஐசோடோப்பு மாறினாலும் வளையும்.

2020-இல் யிட்டர்பியத்தில் வளைவைக் கண்டவர்கள் முன்னாலும் இதே கேள்விதான் நின்றது. பின்னால் வந்த அளவீடுகள் பெரும்பங்கு கருவின் வடிவத்துக்கே என்று காட்டின. அதற்காக அந்த வேலையை யாரும் குப்பையில் போடவில்லை. கரு எப்படி உருமாறுகிறது என்பதை அதிலிருந்தே படித்தார்கள். புதிய புலம் எவ்வளவு வலுவாக இருக்க முடியாது என்பதற்கும் எல்லை போட்டார்கள். உன் அளவும் அப்படித்தானே அம்மா?

எலக்ட்ரானின் மின் இருமுனைத் திருப்புதிறனை, அதாவது அதன் மின்னூட்டம் துளியாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைத் தேடியவர்களைப் பார். 2014, 2018, 2023, மூன்று தடவையும் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லை இறுகியது, சில கோட்பாடுகளுக்கு இடமில்லாமல் போனது. பிஸ்மத் கதையும் உண்டு. 1970-களில் இரண்டு ஆய்வகங்கள் அந்த அணுவில் வலுக்குறைந்த விசையின், அதாவது சில கதிரியக்கச் சிதைவுகளுக்குக் காரணமான விசையின் தடம் தெரியவில்லை என்றன. 1978-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் அதைக் கண்டார்கள். மற்றவர்கள் இல்லை என்றபோதும், அந்த விசையால் ஒளி அதிரும் தளம் அவ்வளவு சின்னக் கோணத்தில் திரும்புவதை அளந்தார்களே, அந்தப் பிடிவாதம் உனக்கும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் சொல்கிறேன்.

உன் பெயர் போட்ட கட்டுரையைப் பார்ப்போரிடமெல்லாம் காட்டுகிறேன். நீதான் ஒரு வரி எழுதுவதில்லை. லேசரின் அதிர்வெண்ணை நகராமல் பூட்டி வைக்க ராத்திரி முழுக்க உட்காராதே. கூட இருக்கிற பிள்ளைகளை முறை போட்டுப் பார்க்கச் சொல். தூங்கு.

ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று அண்ணன் சொன்னான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. போடுவதும் போடாததும் உன் விருப்பம். ஆனால் தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியில் அதை முடிவு செய்யாதே.

மூன்றாவது நிறத்திலும் அளந்தால் கருவின் பங்கைத் தனியே கழித்துப் பார்க்கலாம் என்றாயே, அந்த லேசர் எப்போது தயாராகும்? அதையாவது எழுது.

அன்புடன்,
அப்பா