மழைக்கு முன்னே: மூன்றாம் தவணை பற்றிப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் தவணை தொடங்கிவிட்டது. வெளியே வெயில் எரிக்கிறது. டிசெம்பர் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பு பிள்ளைகளுக்கு. ஆனால் ஒக்ரோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், வாணி விழா, தீபாவளி, கந்தசஷ்டி என்று நாள் ஓடிவிடும். விழாக்களைக் குறைக்க எனக்கு மனமில்லை. பட்டுப்பாவாடையோடு கொலு முன்னால் நிற்கும் தரம் 1 பிள்ளையிடம் படிப்பைப் பற்றி யார் பேசுவது?

என் கவலை மழைதான். ஒக்ரோபர் நடுப்பகுதி தாண்டி, குளங்கள் வான் பாயத் தொடங்கினால் வீதிக்கே வரமுடியாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 25 இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சையே வெள்ளத்தால் 27 ஆம் திகதி நிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4 இல்தான் மீண்டும் நடந்தது. நாடு முழுவதற்குமான பரீட்சைக்கே அந்தக் கதி என்றால் நம்முடைய தவணைப் பரீட்சை எந்த மூலைக்கு? மழைக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு நீங்கள் மழை வரட்டும் என்று பார்த்திருப்பதில்லை. மண் காய்ந்திருக்கும்போதே உழுது புழுதியில் விதைத்துவிடுகிறீர்கள். படிப்பிலும் அதைத்தான் கேட்கிறேன்.

முக்கியமாக ஒப்படைகள். சென்ற ஆண்டு தரம் 10 இல், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியன் பற்றி ஓர் ஒப்படை கொடுத்திருந்தோம். கடைசி நாள் வந்த கொப்பிகளில் நான்கில், அவன் போரிட்ட ஆண்டான 1803 என்பது 1830 ஆகியிருந்தது. ஒருவர் பிழையாக எழுத, மற்ற மூவரும் முதல்நாள் இரவு அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றில் கையெழுத்து அம்மாவுடையது; பாவம், பதினொரு மணிவரை இருந்து எழுதியிருப்பார். அதே வகுப்பில் ஒரு மாணவி முதல் வாரமே தொடங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு மோட்டார் சைக்கிளில் கற்சிலைமடுவுக்குப் போய் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லைப் பார்த்து, கையால் படம் வரைந்து கொண்டுவந்தார். படம் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் நான் முழுதாக வாசித்த ஒப்படை அதுதான். அவருக்குக் கூடுதலாக இருந்தது கெட்டித்தனம் இல்லை, மூன்று வார அவகாசம்.

ஆகவே ஒப்படைத் திகதிகளை வகுப்பாசிரியர்கள் இந்த வாரமே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுப்பார்கள். அதை வீட்டுக் கலண்டரில் குறித்துவிடுங்கள். "படிச்சியா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும், "இண்டைக்கு எழுதினதைக் காட்டு" என்று கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் இதைக் கேட்கலாம். நேற்றைய பக்கத்துக்கும் இன்றைய பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

விதைப்பு நாட்களில் பிள்ளையை வயலுக்குக் கூப்பிடவே கூடாது என்று சொல்லமாட்டேன். நானும் இந்த மண்ணில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை வயல் என்றால் வெள்ளி பின்னேரமே எழுத்துவேலை முடியட்டும். பாடசாலை நாளில் மட்டும் மறிக்காதீர்கள். ரியூசன் கொப்பி நிறைந்திருந்தால் பாடசாலை வேலை முடிந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம், இரண்டும் வேறு.

அப்புறம் ஒரு சின்ன விடயம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். எழுதி முடித்த கொப்பிகளையும் பாடநூல்களையும் தடித்த பொலித்தீன் பையில் கட்டி, நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். முடித்த ஒப்படையைத் திகதிக்கு முன்னரே கொடுத்தாலும் வாங்கிவைப்போம், அலுமாரி இருக்கிறது.

வீட்டில் படிக்க இடமோ வெளிச்சமோ போதாத பிள்ளைகளுக்காக ஒக்ரோபர் முடியும்வரை நூலகம் பின்னேரம் 3.30 வரை திறந்திருக்கும். பெயர் கொடுக்கத் தேவையில்லை, வந்து இருந்தால் சரி. தூரத்துப் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவது என்பதை மட்டும் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்