மதிக்கு மொட்டை வேண்டாம், வடிவு

பாளையங்கோட்டை,
9.3.2025, ஞாயிறு

அன்புள்ள வடிவு,

இங்க எல்லாரும் சுகம். பெரியவன் பெங்களூர்ல இருக்கான், சின்னவ கடைசி வருஷப் பரீட்சைக்குப் படிக்கா. அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வாரேன்.

வியாழக்கிழமை ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். பிள்ளை பெத்த உன் மக மதி தலை சீவினா கொத்துக் கொத்தா வருது, குளியலறைச் சல்லடை தினமும் அடைக்குது, அவ மாமியார் பங்குனி உத்திரத்துக்குப் பிள்ளைக்கு முடியிறக்கும்போது இவளுக்கும் சேர்த்து மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்ங்காங்கன்னு சொன்னியே, அந்த இடத்துல உன் குரல் உடைஞ்சு போச்சு. உடனே போன் பண்ணத்தான் எடுத்தேன். பண்ணலை. இதுல உனக்குச் சொல்ல வேண்டிய வேற ஒண்ணும் கிடக்கு, ஏழு மாசமா. அதைப் போன்ல சொல்ல எனக்கு வாய் வராது.

ஆவணியில மதி வளைகாப்புக்கு நான் வராததுக்குக் காய்ச்சல் காரணம் இல்லை. உன்கிட்ட பொய் சொன்னேன். டிக்கெட் எடுத்தாச்சு, பச்சைப் பட்டைத் தேய்ச்சு வச்சாச்சு, வளையல் பெட்டியும் பையில ஏறியாச்சு. கிளம்புற அன்னைக்குச் சாயங்காலம் கண்ணாடி முன்னால நின்னு ஒரு முழம் பிச்சிப்பூவை வச்சுப் பார்த்தேன். ஊக்கு பிடிக்க முடி இல்லை, பூ சரிஞ்சு தோள்ல விழுந்துச்சு. வகிடு ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்துச்சு. நம்ம செட்டு மொத்தமும் அங்க வரும், யாராவது ஒருத்தி "ஏட்டி கோமு, உன் சடை எங்கட்டி?"ன்னு கேப்பான்னு நினைச்சேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உன் ஒத்தைப் பிள்ளையோட வளைகாப்பை விட்டுட்டேன். முதல் வளையல் கோமு சித்திதான் போடணும்னு மதி சொல்லி வச்சிருந்தான்னு நீ பிறகு சொன்னப்போ, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. மன்னிச்சுக்கோ வடிவு. மதிகிட்டயும் நேர்ல கேப்பேன்.

நடந்தது இதுதான். 2023 மார்கழி வெள்ளம் வடிஞ்சு, தை மாசம் எனக்கு டெங்கு வந்துச்சுல்ல. ஒன்பது நாள் படுக்கை, எழுந்திருச்சேன், எல்லாம் சரியாப்போச்சுன்னு நினைச்சேன். சித்திரையில ஆரம்பிச்சுது கொட்டல். தலையணையில, சோத்துல, அவுக சட்டையில எல்லாம் முடி. காய்ச்சல் வந்து மூணு மாசம் ஆச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தோணவே இல்லை. தண்ணியைக் குறை சொன்னேன், சோப்பைக் குறை சொன்னேன், இவுக தங்கச்சி கண்ணு பட்டுதுன்னுகூட மனசுக்குள்ள திட்டினேன். பேப்பரை விரிச்சு உக்காந்து உதிர்ந்த முடியை எண்ணுவேன். ஒரு நாள் 280. அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசலை.

பிறகு ரூபா போன கதை. ஒரு பார்லர்ல ஆவி பிடிச்சு, கிரீம் தடவி, ஆறு வாட்டி வரச் சொல்லி ஒன்பதாயிரம் வாங்கினாங்க. போன்ல விளம்பரம் பார்த்து ஒரு எண்ணெய் வாங்கினேன், கணுக்கால் வரைக்கும் கூந்தல் இருக்கிற படம் போட்டது. ராத்திரி தலை நிறையத் தேய்ச்சு, துண்டைக் கட்டிப் படுத்தேன். பத்தே நாள்ல பொடுகு அப்பிக்கிச்சு, அரிப்புல தூக்கம் போச்சு.

ஆடியில வண்ணார்பேட்டையில ஒரு தோல் டாக்டர் அம்மாகிட்ட இவுகதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாக. அந்த அம்மா ஒரு அம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பார்த்துட்டு, "கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடி என்ன காய்ச்சல் வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துட்டு.

அவங்க விளக்கினதை நம்ம ஊர் கணக்குல சொல்லுதேன், நீயும் வயக்காட்டுக்காரி மகதானே. தலையில சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொண்ணும் தனித்தனி வயல்னு வச்சுக்கோ. ஒரு வயல்ல நாத்து, ஒண்ணுல கதிர், ஒண்ணு அறுப்பு முடிஞ்சு சும்மா கிடக்கு. ஒரு முடி ரெண்டுல இருந்து ஆறு வருஷம் வரைக்கும் வளரும், பிறகு மூணு மாசம் போல ஓய்வெடுத்துட்டு விழும். எந்த நேரம் பார்த்தாலும் பத்துல ஒன்பது பங்கு வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கும். அதனால ஒரு நாளைக்கு அம்பதுல இருந்து நூறு முடி போறது கணக்குல சேர்த்தி. பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கிறது, இப்படி ஏதாவது வந்தா உடம்பு தன் சத்தையெல்லாம் உயிரைக் காக்கத் திருப்பிடும். கார் போகம், பிசானப் போகம்னு பாக்காம ஏகப்பட்ட வயல் ஒரே சமயத்துல தரிசாயிடும். அந்த ஓய்வு மூணு மாசம் இருக்கிறதாலதான் கொட்டல் மூணு மாசம் தள்ளி வருது. வேர் சாகலை வடிவு. வேர் அங்கேயே இருக்கு. பழைய முடியைக் கீழ இருந்து புதுசு தள்ளிட்டு வருதுன்னு அவங்க சொன்னதும் எனக்கு நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருந்துச்சு.

இப்போ மதிக்கு வா. கர்ப்பமா இருக்கையில ஈஸ்ட்ரோஜன் கூடுதலா இருக்கும்ல, அது உதிர வேண்டிய முடியையும் பிடிச்சு வச்சுக்கிடும். ஏழாம் மாசம் அவ அனுப்பின போட்டோவுல சடை எம்புட்டுத் தண்டியா இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? பிள்ளை பிறந்ததும் அந்த ஹார்மோன் சடார்னு இறங்கிடும். பிடிச்சு வச்சதெல்லாம் ரெண்டு மாசத்துல இருந்து நாலு மாசத்துக்குள்ள ஒண்ணாச் சேர்ந்து கொட்டும். பேரனுக்கு இப்போ நாலு மாசம், கணக்கு சரியா இருக்கு. எங்க ஆச்சி சொல்லுவாளே, "பிள்ளை தாய் முகம் பார்த்துச் சிரிச்சா தாய் முடி கொட்டும்"னு. பிள்ளை சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பிக்கிறதும் அதே மூணு நாலு மாசத்துல தானே. டாக்டர் அம்மா சொன்ன கணக்கை ஆச்சி பிள்ளைச் சிரிப்பை வச்சுச் சொல்லியிருக்கா. பெரும்பாலானவங்களுக்குப் பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுறதுக்குள்ள திரும்பிடும்.

அடுத்து மொட்டை. சாமிக்கு நேர்ந்துக்கிட்டதுன்னா அது அவளுக்கும் சாஸ்தாவுக்கும் உள்ள விஷயம், நான் நடுவுல பேச மாட்டேன். அடர்த்தியா வளரும்னு சொல்லிப் போடுறதா இருந்தா, விடாதே. முடி முளைக்கிற இடம் தோலுக்குக் கீழ இருக்கு, கத்தி மேல போகுது. கத்தி பட்ட முடியோட முனை மழுங்கி வருதுல, தடவிப் பார்த்தா முரடாத் தெரியும், அவ்வளவுதான். எண்ணிக்கை ஒண்ணுகூட அதிகமாகாது. நாலு மாசமா ராத்தூக்கம் இல்லாத பிள்ளை அவ. கண்ணாடியில தன்னைப் பார்க்கவே பயந்துக்கிட்டு இருக்கிறவ தலையில கத்தி வைக்கிறதுன்னா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா மனசு நோகக்கூடாதுன்னா பூமுடி கொடுக்கலாம்னு சொல்லு. நுனியில மூணு விரக்கடை போறதால ஒண்ணும் ஆகாது, வெடிச்ச நுனி போனா நல்லதுதான்.

எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் 10.4. அதைவிட முக்கியம் ஃபெரிட்டின்னு ஒண்ணு, உடம்புல சேமிச்சு வச்சிருக்கிற இரும்புச்சத்து. எனக்கு 11 இருந்துச்சு, களஞ்சியமே காலி. ரெண்டு வருஷமா மாசாமாசம் கூடுதலாப் போன ரத்தத்தை நாமெல்லாம் "வயசுக்கு அப்படித்தான்"னு விட்டுட்டோம்ல, அதோட பலன். மதிக்குப் பிரசவத்துல ரத்தம் போயிருக்கும். அதனால ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூணையும் டாக்டர்கிட்ட சொல்லிப் பார்த்துடு. பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு ஆட்டம் காட்டுறது உண்டு. முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுதாளா? அப்படின்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும், அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாக் காட்டலாம். மினாக்சிடில்னு முடி வளர ஒரு மருந்தை யாராவது சொன்னா, மருந்துக்கடையில நீயா வாங்கிடாதே. பால் கொடுக்கிறவளுக்கு அது வேண்டாம். வகிடு வருஷக்கணக்கா அகலமாகிட்டே போறவங்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கிறது அது, நிறுத்தினா பலனும் போயிடும்.

உன்கிட்ட ஒரு சண்டையும் இருக்கு. பத்தியம்னு சொல்லி அந்தப் பிள்ளைக்கு நாலு மாசமா பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமுமாப் போடுதியாமே! மதிதான் சொன்னா. முடிங்கிறதே புரதம். முட்டை, மீன், பயறு, முருங்கைக்கீரை, கேப்பை எல்லாம் கொடு. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தா எலுமிச்சைச் சாறோட கொடு, காப்பி டீயோட வேண்டவே வேண்டாம். அதைத் தெரியாம நான் ஒரு மாசம் காப்பி குடிச்ச கையோட மாத்திரையைப் போட்டு வீணாக்கினேன்.

எட்டு மாசமா நான் பண்ணுறதைச் சொல்லுதேன். பெருசா ஒண்ணும் இல்லை, ஆனா ஒரு வாரம்கூட விட்டது இல்லை. புதனும் ஞாயிறும் தலைக்குக் குளி. அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, கை பொறுக்கிற சூட்டுல ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். முடி நீளத்துக்கும் நுனிக்கும்தான், உச்சந்தலையில ஊத்துறது இல்லை. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை தலையில ஊறுற எண்ணெய்ப் பசையைத் தின்னுதான் பெருகுதாம், ராத்திரி முழுக்க எண்ணெய்யில ஊறப்போட்டு நானே அதுக்கு விருந்து வச்சிருக்கேன். முதல் ஒரு மாசம் கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு அலசினேன். பொடுகு போச்சு. தேங்காய் எண்ணெய் முடியை முளைக்க வைக்காது, ஆனா இருக்கிற முடியைக் காக்கும். 2003-ல வந்த ஒரு ஆய்வுல தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் தேய்ச்சுப் பார்த்திருக்காங்க. முடியில இருந்து புரதம் கரைஞ்சு போறதைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடித்தண்டுக்குள்ளயே போகுதாம். நம்ம அம்மைமாரு ஆய்வு எதுவும் படிக்கலை, ஆனாலும் கிண்ணத்தை எடுத்துட்டுத் திண்ணையில உக்காந்தாங்க.

ஞாயித்துக்கிழமை சீயக்காய். கடையில வாங்கினது இல்லை. சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ஞ்ச எலுமிச்சைத் தோல் எல்லாம் வெயில்ல காயவச்சு மில்லுல கொடுத்து அரைச்சது. வடிச்ச கஞ்சியில ஊறவச்சு, வேட்டித் துணியில வடிகட்டித்தான் தேய்க்கேன். இல்லைன்னா திப்பி சிக்குல மாட்டி, அதை எடுக்கப் போய் இருக்கிறதும் அறுந்துபோகும். எங்க காலனி போர்த் தண்ணியில எதுவும் நுரைக்காது, முடி தேங்காய் நார் மாதிரி ஆகிடும். அதனால தலைக்கு மட்டும் ஆத்துத்தண்ணி ரெண்டு வாளி தனியாப் பிடிச்சு வைக்கேன். தாமிரபரணித் தண்ணியில கடைசி அலசு அலசினா விரலுக்கு நடுவுல முடி வழுக்கிட்டு ஓடும் பாரு, குறுக்குத்துறையில முங்கி எழுந்திரிச்ச நாள் எல்லாம் திரும்பி வந்துடும். உங்க தாம்பரம் தண்ணியும் உப்புதானே, மதிக்கு அப்படி ரெண்டு வாளி ஏற்பாடு பண்ணு.

ஈரத்தலையைச் சீவக்கூடாது, ஈரத்துல முடி இளகி இருக்கும், இழுத்தா அறுந்துரும். துண்டை முறுக்கி அடிக்கக்கூடாது. பல்லு அகலமான மரச்சீப்பு வாங்கு, நுனியில சிக்கெடுத்து மேல மேல வா. நீ இன்னும் அந்தப் பேன் சீப்பை வச்சுத்தான் எல்லார் தலையையும் பிராண்டுதேன்னு தெரியும், தூக்கிப் போடு அதை! இறுக்கிக் கொண்டை வேண்டாம். பள்ளிக்கூடத்துல நம்ம ரெட்டைச்சடையை ரிப்பன் வச்சு மடிச்சு, கண்ணு மேல ஏறுற அளவுக்கு இழுத்துக் கட்டுவாங்களே, வருஷக்கணக்கா அப்படி இழுத்துக்கிட்டே இருந்தா நெத்தி ஓரத்து முடி திரும்பாமலே போயிடுமாம்.

முடியை எண்ணுறதை டாக்டர் அம்மா நிறுத்தச் சொன்னாங்க. அதுக்குப் பதிலா மாசம் ஒண்ணாந்தேதி, ஒரே இடத்துல, ஒரே டியூப்லைட்டுக்குக் கீழ வகிட்டை ஒரு போட்டோ. இவுகதான் எடுப்பாக. "கொஞ்சம் குனி, இன்னும் குனி"ன்னு சொல்லிட்டு, முப்பது வருஷத்துல என் தலையை இம்புட்டு அக்கறையாப் பார்த்ததே இல்லைன்னு ஒரு நாள் அவுகளே சொன்னாக. ஆவணிப் படத்தையும் இந்த மாசப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். வெளுத்த கோடு நூலா ஆயிட்டு. வகிடு ஓரமா நாலு விரக்கடை நீளத்துக்குப் புது முடி, காத்துல நட்டுக்கிட்டு நிக்குது. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதுக்கு மேல வேகம் கிடையாது, எவ்வளவு ரூபா கொட்டினாலும். பழைய நீளத்துக்கு இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். ஆகட்டும்.

வடிவு, இதெல்லாம் நடக்கும்போது நான் அடிக்கடி நினைச்சது நம்ம எஸ்தரைத்தான். புத்துநோய்க்குக் கீமோ முடிஞ்சு அவளைப் பார்க்கப் போனோமே, நான் அன்னைக்குத் தலை நிறையப் பூ வச்சுட்டுப் போயிருந்தேன். அவ எதுவும் சொல்லலை. கிளம்பும்போது என் சடையைக் கையில எடுத்து, கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு விட்டா. "முடிதானே, வளந்துரும்"னு அவசரமாச் சொல்லிட்டு நான் வெளிய வந்துட்டேன். அவளுக்கு வளர நாள் இல்லை. அவ கையில அந்தச் சடையை இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வச்சிருக்கலாம். மதிகிட்ட நீயும் "முடிதானே"ன்னு சொல்லிடாதே. பக்கத்துல உக்காந்து, சீப்பை வாங்கி, நீயே சிக்கெடுத்து விடு. பிள்ளையை ஒரு மணி நேரம் நீ வச்சுக்கிட்டு அவளைத் தூங்க வை.

சீயக்காய்ப் பொடி ரெண்டு கிலோ கட்டி வச்சிருக்கேன், தம்பி செவ்வாய்க்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல வாரான், ஸ்டேஷன்ல வாங்கிக்கோ. பங்குனி உத்திரத்துக்கு நீங்க வரும்போது சாஸ்தா கோயிலுக்கு வண்டியில எனக்கும் ஒரு இடம் வை. பேரனுக்கு முடியிறக்கும்போது மதிக்கு நான்தான் தலை பின்னுவேன், தளர்வா, ரெண்டு கண்ணி பிச்சிப்பூ வச்சு. ஆவணியில வாங்கின அந்த வளையல் பெட்டி பீரோவுல பிரிக்காமலே இருக்கு. அதையும் கொண்டு வாரேன்.

உன்,
கோமு