உறைமோர் கேட்டு வந்த பாட்டிக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு சென்ற மாதம் என் கைக்கு வந்தது. நானும் மகளும் இருக்கும் வீட்டுப் பக்கம் என் கணவர் இனி வரக் கூடாது. மகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அந்தத் தாளில் இருப்பது நீதிபதியின் கையெழுத்து மட்டும்தான். அது என்னிடம் வந்து சேர உழைத்தவர்கள் எத்தனையோ பேர். நேரில் நன்றி சொல்லப் போன இடங்களில் எல்லாம் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. சிலர் இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். என்னால் அவர்களுக்கு ஒரு தொந்தரவு வந்துவிடக் கூடாது. படிக்கும்போது உங்களைப் பற்றித்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பாட்டிக்கு. எங்கள் வீட்டில் சத்தம் எழுந்தால் தெருவில் ஜன்னல்கள் சாத்தப்படும், டிவியின் ஒலி கூடும். பாட்டி மட்டும் கையில் கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டுவார். "உறைமோர் இருக்கிறதா, தாயி?" இரவு பத்து மணியைத் தாண்டியிருந்தாலும் அதே கேள்விதான். ஓங்கிய கை இறங்கிவிடும். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பாட்டி உடனே கிளம்ப மாட்டார். வாசற்படியில் உட்கார்ந்து மூட்டுவலி, குழாயில் தண்ணீர் வராதது, பேரனுக்குப் பெண் பார்ப்பது என்று பேசிக்கொண்டே இருப்பார், வீடு அடங்கும் வரைக்கும். என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பொறுத்துப் போ என்றும் சொன்னதில்லை. என் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ், மாற்றுத்துணி எல்லாம் ஒரு பையில் கட்டி அவர் வீட்டு அரிசி டிரம்முக்குள் பல மாதம் கிடந்தன. நான் கிளம்பிய விடிகாலையில் அந்தப் பையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பாட்டி, உங்கள் வீட்டில் எப்போதும் பாக்கெட் தயிர்தான் என்று உங்கள் மருமகள் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அடுத்தது, பெண்கள் உதவி எண்ணான 181-ல் என் அழைப்பை எடுத்த சகோதரிக்கு. அதற்கு முன் நான் உதவி கேட்டுப் போன ஓர் இடத்தில் எனக்கே புத்திமதி சொல்லி, என் கணவரையே வரவழைத்து, அவருடன் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல்தான் வேலை செய்யும் அச்சகத்தின் கழிப்பறையில் நின்று கிசுகிசுத்தேன். "இப்போது நீங்கள் பயமில்லாமல் பேச முடிகிற இடத்தில் இருக்கிறீர்களா?" என்று கேட்டீர்கள். ஏன் இத்தனை வருடம் அங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை உறவினர் கேட்டார்கள், ஊரார் கேட்டார்கள், என்மீது அன்பு வைத்தவர்களும் கேட்டார்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் நின்றது நான்தான். எனக்கு உதவியவர்கள் எல்லோரிடமும் நான் கண்ட ஒற்றுமை, அதைக் கேட்காமல் விட்டதுதான்.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம் என்றார்கள். முதல் நாள் இரவு ஆலோசகர் அக்கா அறையின் தாழ்ப்பாளைக் காட்டினார். "இதை உள்ளிருந்து போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் திறந்தால்தான் நாங்கள் வருவோம்" என்றார். மறுநாள் காபியா டீயா என்பதில் தொடங்கி, புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது வரைக்கும் என்னையே முடிவெடுக்கச் சொன்னார். முதலில் எரிச்சலாக இருந்தது. நீங்களே சொல்லிவிடுங்களேன் என்று அழுதேன். அவர் அசையவில்லை. என் வாழ்க்கையில் முடிவெடுக்கும் உரிமையைத்தான் என்னிடமிருந்து முதலில் பிடுங்கியிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்காமல் மற்ற எதைக் கொடுத்திருந்தாலும் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டில் அடங்கியிருப்பதாகவே முடிந்திருக்கும்.

குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்க அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் அம்மாவுக்கு என் நன்றி வேறு வகையானது. எனக்கு நடந்ததை வரிசையாகச் சொல்ல வரவில்லை. பொங்கலில் தொடங்கினால் அதற்கு முந்தைய வருடத்துக்குப் போய்விடும்; தேதி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பயத்தில் பதிந்த நினைவு அப்படித்தான் துண்டு துண்டாக இருக்கும், வருகிறபடி சொல்லுங்கள், நான் கோத்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அவர் நிரப்ப வேண்டிய அறிக்கைப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவள். தாளைக் கண்டால் விரலை வைத்து வரிவரியாகப் படிப்பது பழக்கம். அடிப்பது, உதைப்பது முதலில் இருந்தன. அதற்குக் கீழே வந்தவற்றைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. நடத்தையைப் பழித்துப் பேசுவது. ஆண் குழந்தை இல்லை என்று இழிவுபடுத்துவது. வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுப்பது. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவது. சம்பளத்தை எடுத்துக்கொள்வது. என் வீட்டுச் சுவருக்குள் மட்டும் நடப்பதாக நான் நினைத்திருந்தவை அரசாங்கத்தின் படிவத்தில் கட்டம் கட்டி அச்சாகியிருந்தன. 2005-லேயே இயற்றிய சட்டம் அது. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்று நான்கு வகைத் துன்பத்தையும் வன்முறை என்றே சொல்கிறது. கை நீட்டினால்தான் வழக்கு என்று இன்றும் நம் பெண்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது தாங்க முடியாத வருத்தம்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர் மேடத்துக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் வழக்கு அதைத் தாண்டி வெகு தூரம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் போன் செய்து, எந்த வாசல் வழியாக வர வேண்டும், எங்கே உட்கார வேண்டும், கணவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்லிவிடுவார். அது தெரிந்திருந்ததால்தான் கால் நடுங்காமல் படியேற முடிந்தது.

வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். மிக மோசமான நாட்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. தூக்கம் இல்லை. பைக் சத்தம் கேட்டால் மூச்சு அடைக்கும். என் கணவர் தேய்க்கும் அதே தலைமுடி எண்ணெயின் வாசனை பஸ்ஸில் வந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் டாக்டர், இது பைத்தியம் அல்ல, வருடக்கணக்காக ஆபத்தைக் கண்காணித்துப் பழகிய மூளை இன்னும் காவலை இறக்கவில்லை என்று சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று என் மகளையும் உட்காரவைத்து விளக்கினார். அங்கே இருந்த உளவியலாளர், பயம் ஏறும்போது கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று என்று எண்ணக் கற்றுக்கொடுத்தார். அச்சகத்தில் அது எனக்கு எளிது: மை வாசனையும் காகித விளிம்பும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இன்றும் சில இரவுகள் பழையபடி வருகின்றன. முன்னைப்போல அவை என்னை நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடுவதில்லை.

அச்சகத்து அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வது? ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் காலண்டர் வேலை சூடுபிடித்துவிடும். யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. தகடு அடிக்கும் இயந்திரத்தின் முதல் அடிக்கு நான் துள்ளி எழுவதை அண்ணாச்சி கவனித்திருக்கிறார். யாரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அன்றிலிருந்து இயந்திரத்தைப் போடும் முன் அந்தப் பிரிவு அக்கா என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நான் தலையசைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார். அத்தனை அவசரத்திலும் ஒரு நாள்கூட அது தவறியதில்லை. என் சம்பளத்தை என் பெயரில் தொடங்கிய புதுக் கணக்கில் போட்டதும் அண்ணாச்சிதான்.

மகளின் வகுப்பு ஆசிரியைக்கும், முதலில் திருப்பி அனுப்பப் பார்த்தாலும் பிறகு தானே வந்து வாடகை முன்பணம் கட்டிய என் அண்ணனுக்கும் நன்றி.

இதைப் படிக்கும் எவருக்காவது தேவைப்பட்டால்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. மையத்து அக்காவுக்கு ஒரு சேதி. படிவம் நிரப்பும்போதோ நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும்போதோ பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்று எந்தப் பெண் கேட்டாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன், அந்த நாளுக்கு விடுப்பு உண்டு.

நன்றியுடன்,
உங்கள் தங்கை,
சிவகாசி